முரட்டு வேலைக்கு மாறிய இழைப்புளி

அமெரிக்காவின் நியூ பிரிட்டன் நகரத்து ஸ்டான்லி கம்பெனியார், லெனார்டு பெய்லி என்னும் நிபுணரின் காப்புரிமைகளை 1869-ஆம் ஆண்டில் விலைக்குப் பெற்று, வார்ப்பிரும்பில் செய்து உலகெங்கும் அனுப்பிய இழைப்புளிகளுள், 9 அங்குல நீளமும் 2 அங்குல அலகும் கொண்ட நான்காம் எண் வகையைச் சேர்ந்தது இது. பலகையை இறுதியாக வழுவழுப்பாக்குவதே இதற்கு விதித்த காரியம்.

வார்ப்பிரும்பு பாரத்தைத் தாங்குமேயன்றி வீழ்ச்சியைத் தாங்காது. கல்தரையில் விழுந்த மாத்திரத்தில், அடிப்புறத்தின் மெலிந்த பாகமாகிய வாயோரம் சிதைந்துவிடுவது சகஜம். அலகுக்கு முன்னே மரத்தை அழுத்திப் பிடிக்கும் விளிம்பு போனபின், நார் கிழியாமல் மெல்லிய சீவல் எடுப்பது மிகவும் கஷ்டம். பற்றவைத்தாலோ, சூட்டினால் அடிப்புறம் கோணிப்போகும் அபாயம் உண்டு.

ஆயினும், எந்தக் குறையினால் இக்கருவி நுண்பணிக்கு உதவாமற் போயிற்றோ, அந்தக் குறையே முரட்டுப் பணிக்கு வேண்டிய குணமாயிற்று. சிதைந்த வாயை அரத்தால் ராவி அகலப்படுத்தி, நேராயிருந்த அலகின் முனையை ஏறத்தாழ 3 அங்குல ஆரமுள்ள வில்லாகச் சாணை பிடித்து, ரம்பத்திலிருந்து வந்த பலகையின்மேல் நாரோட்டத்துக்குக் குறுக்காகத் தள்ளினால், கனத்த சிராய்கள் அவ்வாயில் அடைபடாமல் வெளியேற, மேடும் கோணலும் விரைவில் குறையும். வில்போன்ற அலகு நடுவில் ஆழ்ந்து இருபுறமும் மேலெழுவதால், அதன் மூலைகள் மரத்தில் குத்துவதில்லை. மாற்றத்தின் சூட்சுமம் முழுதும் இதிலேயே அடங்கியுள்ளது. எஞ்சும் பள்ளவரிகளை நெடிய இழைப்புளி சமன்செய்யும்.

இத்தொழிலுக்கென்றே அதே கம்பெனியார் 1896-இல் விற்கத் தொடங்கிய 40-ஆம் எண் இழைப்புளிக்கு அலகு ஒன்றேகால் அங்குலமே. இங்குள்ளது அதனினும் அகலமானதாதலால், தள்ளுவதற்குப் புஜபலம் அதிகம் வேண்டும்.