கணிப்பொறிக் கணக்கேடும் சங்கத்தின் உரிமையும்

2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதுகாறும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சங்கரன்கோவில் புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. பில்லின் தலைப்பில் மாவட்டத்தின் பெயரை மாற்றுவது அற்பக் காரியமே. கையால் எழுதும் பில் புத்தகமாயின் ஒரு ரப்பர் முத்திரையோடு வேலை முடிந்தது. ஆனால், கணிப்பொறியில் பில் போடும் சங்கத்தில் அந்த ஒரு சொல்லை மாற்றுவதற்குப் பில்லின் அமைப்பையே திறந்தாக வேண்டும். அதற்குரிய ‘டிசைன் வியூ’ என்னும் கட்டளையைக் குமாஸ்தா தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவோ மங்கிச் சாம்பல் நிறமாய்க் கிடக்கிறது; அழுத்தினாலும் அசைவதில்லை. அப்போது என்ன செய்வது?

சிறு அலுவலகங்களில் நூல் இருப்பு, கூலிப் பட்டுவாடா, பங்குத்தொகை முதலிய கணக்குகளை வைக்க உதவும் சாதனங்களுள் ஒன்று மைக்ரோசாப்ட் அக்செஸ். அது 1992-ல் வெளிவந்தது. அதில் கட்டளை மங்கிக் கிடப்பது பெரும்பாலும் பழுதன்று. எவரோ ஒரு காரணம் கருதி இட்ட பூட்டாகும். எந்தப் பூட்டு என்று அறிந்தால் சாவியைத் தேடலாம். ஆனால், அமைப்பில் கை வைக்குமுன், அனைவரும் கோப்பை மூடியபின், அதன் பிரதி ஒன்றை வேறிடத்தில் பத்திரப்படுத்துதல் அவசியம்.

முதலாவதாக, அமைப்பை மாற்றும் கட்டளைகள் யாவுமே காணப்படாமல், பட்டியல்களும் குறைந்து தோன்றலாம். கோப்பைத் திறக்கும்போதே ‘ஷிப்ட்’ விசையை அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்திற்கென விதித்த கட்டுப்பாடுகள் பெரும்பாலும் விலகிவிடும். விலகாவிடில், அந்த விசையையும் தயாரித்தவர் அடைத்திருக்கலாம். அல்லது அந்தக் கணிப்பொறியில் இருப்பது ‘ரன்டைம்’ என்னும் இலவசப் பதிப்பாக இருக்கலாம். அது கணக்கை நடத்தும், அமைப்பைத் திருத்தாது. முழுப் பதிப்பு உள்ள வேறு கணிப்பொறியில் திறந்து பார்ப்பதே வழி. கோப்பின் பெயர் ஏ.சி.சி.டி.ஆர். என்று முடிந்தால், பிரதி ஒன்றில் அதை ஏ.சி.சி.டி.பி. என்று மாற்றினாலே போதும்.

இரண்டாவதாக, அமைப்பு திறந்தும் திருத்தத்தைச் சேமிக்க இயலாதிருக்கலாம். வேறொரு மேசையில் அதே கோப்பு திறந்திருக்கக்கூடும். கோப்பின் அருகில் எல்.ஏ.சி.சி.டி.பி. என்று முடியும் சிறு கோப்பு தோன்றியிருப்பது அதற்கு அடையாளம். அனைவரும் மூடியபின் ‘ஓப்பன் எக்ஸ்க்ளூசிவ்’ என்னும் முறையில் ஒருவர் மட்டும் திறந்து திருத்த வேண்டும்.

மூன்றாவதாக, ஓர் அட்டவணை மட்டும் திருத்தத்திற்கு இணங்காதிருக்கலாம். அது வேறொரு கோப்பிலிருந்து இணைக்கப்பட்டதாக இருக்கும். மூலக் கோப்பைத் திறந்து அங்கேதான் மாற்ற முடியும்.

நான்காவது வகையே கவலைக்குரியது. அட்டவணைகள் திறக்கின்றன, ஆனால், படிவங்களுக்கும் பில் போன்ற அறிக்கைகளுக்கும் மட்டும் ‘டிசைன் வியூ’ மங்கியிருக்கிறது. கோப்பின் பெயர் ஏ.சி.சி.டி.இ. என்றோ, பழையதாயின் எம்.டி.இ. என்றோ முடிகிறது. இது தயாரித்தவர் இறுக்கி முடித்துக் கொடுத்த பிரதி. இதில் உபயோகிப்பதற்குரியது இருக்கிறது. திருத்துவதற்குரிய மூலம் நீக்கப்பட்டிருக்கிறது. இதை மீண்டும் மூலமாக்க அச்சாதனத்தில் வழியே இல்லை.

ஜக்கார்டு தறியை அறிந்த நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. பூவேலையை முதலில் கட்டமிட்ட தாளில் வரைகிறோம். பிறகு அட்டைகளில் துளையிடுகிறோம். அட்டை கையில் இருந்தால் சேலை நெய்யலாம். ஆனால், பூவின் ஓர் இதழை மாற்ற வேண்டுமானால் வரைந்த தாள் வேண்டும். தாளைத் தம்மிடம் வைத்துக்கொண்டு அட்டையை மட்டும் கொடுப்பவரை நம்பியே அதன்பின் நாம் வாழவேண்டியதாகும். ஒவ்வொரு மாற்றத்திற்கும் அவரையே அழைக்க வேண்டும். அவர் ஊரை விட்டுப் போனாலோ, சங்கத்தின் வேலை நின்றுபோகும்.

இந்த நிலையிலும் கணக்கு அழிந்துவிடவில்லை என்பது ஆறுதல். புதிய கோப்பொன்றைத் திறந்து, இறுக்கிய கோப்பிலுள்ள அட்டவணைகளை அதில் இறக்கிக்கொள்ளலாம். அங்கத்தினர் பெயர், பாக்கி, இருப்பு யாவும் வந்துசேரும். படிவங்களையும் பில்லையும் மட்டுமே புதிதாக அமைக்கவேண்டும். உழைப்பு வேண்டும், ஆயினும் ஆகாத காரியமன்று.

வருமுன் காப்பதே சிறந்தது. நெசவாளர் சங்கமாயினும், பூவும் எலுமிச்சையும் விளைவிப்போர் சங்கமாயினும், கணக்கு முறையை வெளியார் ஒருவரிடம் தயாரித்து வாங்கும்போது, ‘திருத்தக்கூடிய மூலக் கோப்பும் அதன் கடவுச் சொல்லும் சங்கத்தைச் சேர்ந்தவை’ என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். அன்றாட வேலைக்கு இறுக்கிய பிரதியைக் கொடுப்பதில் தவறில்லை. தவறி எதுவும் மாறிவிடாதிருக்க அது நல்ல பாதுகாப்பே. ஆனால், மூலம் காரியதரிசியின் பெட்டியில் ஒன்றும், வேறிடத்தில் ஒன்றுமாக இருத்தல் வேண்டும்.

பணப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பொதுக்குழுவில் கேட்கிறோம். கணக்கேட்டின் மூலம் யாரிடம் இருக்கிறது என்றும் அடுத்த கூட்டத்தில் கேட்போமாக. இரண்டும் சங்கத்தின் சொத்தே.