சர்ப்பகந்தி மருந்தும் அதன் பக்க விளைவுகளும்

இரத்தக் கொதிப்பு என மக்கள் வழங்கும் மிகை இரத்த அழுத்தத்திற்கு இந்தியா உலகிற்கு அளித்த மருந்து ஒன்று உண்டு. அது சர்ப்பகந்திச் செடியின் வேரிலிருந்து கிடைப்பது. ஒரு மருந்தின் நற்பயனும் பக்க விளைவும் ஒரே செயலிலிருந்து தோன்றக்கூடும் என்பதற்கு அதன் வரலாறு சிறந்த சான்றாகும்.

தூக்கமின்மைக்கும் சித்தப்பிரமைக்கும் இவ்வேர் நெடுங்காலமாக நாட்டு வைத்தியத்தில் பயன்பட்டு வந்தது. அது இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பதைக் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931இல் எடுத்துரைத்தனர். பின்னர், பம்பாயில் பரேல் பகுதியிலுள்ள கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளிடம் இதனைச் சோதித்து, 1949இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழொன்றில் முடிவுகளை வெளியிட்டார். பிற நாட்டு மருத்துவர்களின் கவனம் இம்மருந்தின்பால் திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவன ஆராய்ச்சியாளர் வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சத்தினைப் பிரித்தெடுத்தனர். டாக்டர் வக்கீலுக்கு 1957இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

மருந்து பரவியபோது அதன் மறுபக்கமும் வெளிப்பட்டது. சிலருக்கு மூக்கடைப்பு, அயர்வு, நாடி மந்தம், வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றின. வேறு சிலரை மனச்சோர்வு பற்றியது. உறக்கம் கெட்டது, எதிலும் நாட்டம் அற்றது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழுந்தது. மருந்தை நிறுத்திய பின்னும் இச்சோர்வு சில மாதங்கள் வரை நீடிக்கக்கூடும். அளவு மிகுந்தபோது தொல்லைகளும் மிகுந்தன.

இதன் காரணம் யாது? நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் என்னும் பொருள் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. இரத்தக் குழாய்களைச் சுருக்குவது இதுவே. ரெசர்பின் இச்சேமிப்பை வற்றச் செய்கிறது, குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் குறைகிறது. மூக்கினுள் இருக்கும் நுண்குழாய்களும் தளர்ந்து விரிவதால் மூக்கு அடைபடுகிறது. மூளையிலும் இத்தகைய பொருள்கள் குறைவதால் அயர்வு உண்டாகிறது. மனச்சோர்வுக்கும் இதுவே காரணம் எனக் கருதப்பட்டது.

இன்று ரெசர்பின் அரிதாகவே தரப்படுகிறது. எனினும் அதன் பாடம் பழையதாகிவிடவில்லை. இப்போது வழங்கப்படும் அம்லோடிபின் மாத்திரையால் சிலருக்குக் கணுக்கால் வீங்குகிறது. எனலாப்ரில் மாத்திரையால் வறட்டு இருமல் வருகிறது. அடெனலால் நாடியை மந்தமாக்குகிறது. சிறுநீர்ப் பெருக்கிகள் உடலின் உப்புச் சத்துக்களைக் குறைக்கின்றன. இருமலுக்குத் தனியே மருந்து தேடுவோரும், வீக்கத்தைக் கண்டு அஞ்சி மாத்திரையைத் தாமே கைவிடுவோரும் உண்டு. பின்னைய செயல் பேராபத்தானது. அழுத்தம் மீண்டும் உயர்ந்து, பக்கவாதத்திற்கோ மாரடைப்பிற்கோ வழிவகுக்கலாம்.

ஆகவே, வீடு வீடாகச் செல்லும் ஊழியர், 'மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்பதுடன் நில்லாது, 'அதைத் தொடங்கிய பின் உடலிலோ மனத்திலோ மாற்றம் உண்டா?' என்றும் வினவுதல் வேண்டும். மாற்றம் இருப்பின் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். பெரும்பாலும் வேறொரு மருந்து அல்லது குறைந்த அளவு போதுமானதாகும். பக்க விளைவுகளைத் திரட்டுவதற்கென 2010இல் மத்திய அரசு தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திற்கும் அவற்றைத் தெரிவிக்கலாம். மாணவரின் வாயிலாக இச்செய்தியை இல்லங்களுக்குக் கொண்டு செல்வது ஆசிரியரால் எளிதில் ஆகக்கூடிய பணியாகும்.