சிறுத்தைப் புலி வந்ததாகக் கேள்விப்பட்டால்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வயல்களும் ஏரிகளுமே மிகுதி. ஆகையால் சிறுத்தைப் புலி நடமாடுவதாக ஒரு சொல் பிறந்தால் ஊர் முழுவதும் பீதி கொள்ளும். விடியற்காலையில் தெருவில் பாவு விரிக்கும் நெசவாளரும், இரவில் நீர் பாய்ச்சும் குடியானவரும் வெளியே வர அஞ்சிக் கூலியை இழப்பர். அத்தகைய செய்தியை ஆராயாமல் நம்புவதும் தவறு. ஆராயாமல் தள்ளுவதும் தவறு.

காடில்லாத ஊருக்கும் சிறுத்தை வரக்கூடும் என்பதற்கு மயிலாடுதுறையே சான்று. கூறைப் புடவைக்குப் பேர்போன கூறைநாட்டை அடுத்த செம்மங்குளம் பகுதியில், 2024-ம் வருஷம் ஏப்ரல் 2-ந் தேதி இரவு, சிறுத்தையொன்று சென்றது கண்காணிப்புக் காமிராவில் பதிவாயிற்று. அருகிலிருந்த சில பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வன இலாகாவினர் கூண்டுகளும் தானியங்கிக் காமிராக்களும் வைத்துத் தேடினர். சில தினங்களுக்குப் பின் அரியலூர் ஜில்லா செந்துறையில் சிறுத்தை காணப்பட்டது.

மெய்யை அறியக் காலடித் தடமே சிறந்த சாட்சி. நாயின் தடத்தில் விரல் நுனிகளுக்கு முன்னே நகக்குறி தெரியும். சிறுத்தை நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக் கொள்வதால் அக்குறி சாதாரணமாய்ப் பதிவதில்லை; உள்ளங்கால் தடத்தின் பின்புறம் மூன்று பிரிவாகக் காணும். காட்டுப் பூனையின் தடமும் இவ்வாறே இருப்பினும் அளவில் மிகச் சிறியது.

ஆகவே, அங்கத்தினர்கள் பின்வருமாறு நடந்துகொள்வது நலம்:

1. தடம் கண்டால் அதை மிதியாமல், ஒரு மண் சட்டியைக் கவிழ்த்து மூடி, வன இலாகாவுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

2. ஆடுகளையும் கன்றுகளையும் இரவில் கதவுள்ள கொட்டிலில் அடைக்க வேண்டும். இறைச்சிக் கழிவுகளை வெளியில் எறியலாகாது. அவை நாய்களைச் சேர்க்கும், நாயோ சிறுத்தைக்குப் பிரியமான இரை.

3. கூட்டம் கூடி விரட்டலாகாது. சிறுத்தை இயல்பாக மனிதரை விட்டு விலகும் பிராணி. தப்ப வழியின்றி வளைக்கப்பட்டாலோ பாயும். மேலும், 1972-ம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றமாகும்.

4. தாமே கண்டறியாத செய்தியைப் பிறருக்குப் பரப்பலாகாது.

வன இலாகா அதிகாரியின் டெலிபோன் எண்ணைச் சங்கக் கட்டடத்தின் சுவரில் இன்றே எழுதி வைத்தால், அபாயம் நேரும் இரவில் அதைத் தேடி அலைய வேண்டியிராது.