வேலிப் பொட்டும் மதிலும்

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் ஒருவருக்கு மனம் குழம்பினால் முன்பெல்லாம் அயலுக்கு அது மறைவதில்லை. கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருந்தது. கிணறு பங்குக் கிணறு. விடியப்புறம் தோட்டத்துக்கு இறைக்கிறவன் நாலு நாளாய் வெளியே வரவில்லை, குளிப்பை விட்டுவிட்டான், இரவிரவாய் அவன் அறையில் லாம்பு எரிகிறது என்றால் கிணற்றடிக்குத் தெரியும். “பெடியன் தனியக் கதைக்கிறானாம்” என்ற பேச்சு மறுநாள் சந்தைக்கும் போய்விடும்.

கண்டார்கள், கண்டதற்குக் காரணம் வேறு சொன்னார்கள். செய்வினை, பேய்க்குணம், கண்ணூறு. நூல் கட்டினார்கள், பார்வை பார்த்தார்கள், செல்வச்சந்நிதி கோயிலில் கொண்டுபோய் இருத்தினார்கள். “ஒரு கலியாணத்தைக் கட்டி வைச்சால் சரிவரும்” என்றவர்களும் உண்டு. அந்த வைத்தியம் ஒரு வீட்டுத் துயரத்தை இரண்டு வீட்டுத் துயரமாக்கியது. மனநோய்க்கு ஆஸ்பத்திரி என்றால் 1926இல் திறந்த அங்கொடை, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தெற்கே, மொழி தெரியாத ஊரில். அங்கே போய் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்கள் உண்டு.

பிறகு மனநோய்க்கான ஆஸ்பத்திரி வைத்தியம் மந்திகைக்கும் தெல்லிப்பழைக்கும் வந்தது. இரண்டு ஊர்ப் பெயர்களும் யாழ்ப்பாணத்தில் வசவாகிப் போனது அதற்குக் கொடுத்த விலை. போர்க்காலத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு நின்றவர்களும் ஆசிரியர்கள், சுகாதார ஊழியர்கள், ஊர்ப் பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மனநோயின் குறிகளை ஆஸ்பத்திரிக்கு வெளியே இருப்பவர்களே முதலில் காண்பார்கள் என்பதே அதன் அடிப்படை. கிணற்றடிக்கு ஏற்கெனவே இருந்த கண்ணுக்கு அறிவும் சேர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் 1990இல் போரால் தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது அந்தக் கிணற்றடியே கலைந்தது. திரும்பி வருவதற்குப் பலருக்கு இருபது வருடம் பிடித்தது. இன்னும் திரும்பக் கிடைக்காத காணிகளும் உண்டு.

இன்று மருந்து ஊருக்குள் இருக்கிறது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கொடை ஆஸ்பத்திரி இப்போது தேசிய மனநல நிறுவனம். அதன் உதவித் தொலைபேசி இலக்கமும் 1926தான். குறைந்திருப்பது காண்கிற கண். வேலி போய் மதில் வந்தது. பெரிய வீட்டில் தனியே ஒரு அம்மா. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். “சாப்பிட்டன், சுகமாய் இருக்கிறன்” என்ற பதில் வாட்ஸ்அப்பில் நாள் தவறாமல் போகிறது. அவர் கோயிலுக்குப் போவதை எப்போது விட்டார், சட்டியில் நேற்றைய கறி ஏன் அப்படியே இருக்கிறது என்பது அந்தச் சின்னத் திரையில் விழாது.

நம்மிடையே மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பின் பெயரில்தான் வருகிறது. நெஞ்சு பாரம், தலைக்குள் கொதி, கை கால் உளைவு. ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்றால் வீடு நிம்மதியடைந்துவிடுகிறது. மூன்று மணிக்கே முழிப்பு வருகிறதா, விருப்பமானதெல்லாம் வெறுத்துப்போனதா என்று ஒருவர் கேட்டிருந்தால் கதை வேறு. இளவட்டத்தில் தொடங்கும் கடுமையான நோய்களும் மெதுவாகத்தான் நுழைகின்றன: படிப்பில் சறுக்கல், நண்பர்களை ஒதுக்குதல், தன்னைப் பற்றியே எல்லோரும் கதைக்கிறார்கள் என்ற சந்தேகம். அன்று அதைப் பேய் என்றார்கள். இன்று “போனுக்குள்ளேயே கிடக்கிறான்” என்று விட்டுவிடுகிறார்கள். தாமதம் என்னவோ ஒன்றுதான். பிந்தத் தொடங்கும் மருந்து பிந்தியே பலன் தருகிறது.

ஒரு கணக்கு மட்டும் ஆறுதல் தருகிறது. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். பின்னர் அது 15 அளவுக்கு இறங்கியது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடித்த கொடிய நஞ்சுகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்ததே இதற்குப் பெருங்காரணம். நாம் முன்கூட்டிக் கண்டு தடுத்தோம் என்று அதில் பெருமைப்பட முடியாது. “எனக்குப் பிறகு இந்த மாட்டை நீ பார்” என்று ஒருவர் சொல்லும்போது அதைப் பகிடியாகத் தள்ளாமல், சாக நினைக்கிறீர்களா என்று நேரே கேட்க இன்னும் கூசுகிறோம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.