லட்சத்தீவுக் கப்பலில் உணவும் வாழ்வும்

இரண்டு இரவும் மூன்று பகலும் இரயில் வண்டியில் பிரயாணம் செய்வது, வெளிமாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்குப் புதிதன்று. புளியோதரைப் பொட்டலமும் தயிர்சாதமும் கூஜாத் தண்ணீரும் இல்லாமல் நம் வீட்டார் ஊருக்குப் புறப்பட்ட காலம் உண்டா? ஆயினும், கொண்டு சென்ற உணவு தீர்ந்துவிட்டால் அடுத்த நிலையத்தில் ஏதேனும் கிடைக்கும் என்ற தைரியம் இரயிலில் உண்டு. துறையை விட்டு நகர்ந்த கப்பலுக்கு அப்படி ஒரு நிலையம் இல்லை. புறப்படும்போது ஏற்றியதைக் கொண்டுதான் மறுகரை சேரும்வரை அனைவரும் உண்ணவும் பருகவும் வேண்டும். சிறு கப்பலின் வாழ்க்கைமுறை அனைத்தும் இந்த ஒரு நிலையிலிருந்தே பிறக்கிறது. அதை அறிந்துகொள்ள, கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்குச் செல்லும் பிரயாணிக் கப்பல் நல்ல உதாரணம்.

லட்சத்தீவு என்பது 36 தீவுகளின் கூட்டம். அவற்றுள் மக்கள் குடியிருப்பவை பத்து. அத்தனையும் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர்தான். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் தொகை 64,473. 1956 நவம்பர் முதல் தேதி தனி யூனியன் பிரதேசம் ஆகும்வரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவையாக, மலபார், தென்கன்னட மாவட்டங்களின் கீழ் இருந்தன என்பதை நம்மில் பலர் மறந்தே போனோம். இப்போதைய பெயர் 1973இல் வந்தது. மினிக்காய்த் தீவில் மஹல் மொழியும் மற்றத் தீவுகளில் மலையாளமும் வழங்குகின்றன. அகத்தித் தீவில் சிறு விமானங்கள் இறங்கும் தளம் ஒன்று உண்டு. மற்றபடி போவதும் வருவதும் பெரும்பாலும் கப்பல்வழியேதான்.

கொச்சியின் வெல்லிங்டன் தீவுத் துறையில், நுழைவு அனுமதிச் சீட்டைக் காட்டிக் கப்பலேற வேண்டும். தலைநகரான கவரத்தி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தீவுக்குத் தீவு மாறுபடினும், கடற்பிரயாணம் 14 முதல் 18 மணி நேரம் என்று கொள்ளலாம். அத்தீவின் பெயரையே தாங்கிய கப்பல், விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்டது. 700 பிரயாணிகளைக் கொள்வது. உல்லாசக் கப்பல்கள் என்று விளம்பரங்களில் நாம் காணும் மிதக்கும் மாளிகைகளோடு ஒப்பிட்டால் இது சிறியதே. தீவு நிருவாகத்தார் வகுத்த 'சமுத்திரம்' என்னும் ஐந்து நாள் சுற்றுலாவின் முறை, சிறு கப்பலுக்கு மிகவும் ஏற்றது. இரவெல்லாம் கப்பல் ஓடும், பிரயாணி உறங்குவான். விடிந்தால் ஒரு தீவு. பகலுணவு கரையில், இரவுணவு மீண்டும் கப்பலில். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளையும் இவ்வாறு பார்க்கலாம்.

கப்பலின் அடுக்களைக்குள் சிறிது எட்டிப் பார்ப்போம். நம் வீட்டு அடுப்பு அசையாது. கப்பலின் அடுப்போ தரையோடு சேர்ந்து சாய்ந்து நிமிர்கிறது. ஆகையால் பாத்திரங்கள் வழுக்கி விழாதபடி அடுப்பின் மேல் தடுப்புக் கம்பிகளைப் பொருத்துகிறார்கள். கொதிக்கும் குழம்பு தளும்பி ஆளைச் சுடாதிருக்க, பானையை விளிம்புவரை நிரப்புவதில்லை. உணவு மேசைகளுக்கு விளிம்பு சற்று உயர்ந்திருக்கும். அலை மிகுந்தால் தட்டின் கீழ் ஈரத் துணியை விரிப்பதும் உண்டு. கடல் கொந்தளிக்கும் நாளில் அப்பளமும் வடையும் பொரித்துத் தரவில்லையே என்று சமையற்காரரைக் குறை கூறுவது நியாயமாகாது. காய்ந்த எண்ணெய் நிறைந்த சட்டி அப்போது பெரும் அபாயம். கப்பலில் மூளும் தீக்கு ஓடி ஒதுங்க இடம் ஏது? 2021 டிசம்பரில் இதே 'கவரத்தி' கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பற்றி, நடுக்கடலில் விசை நின்றுபோயிற்று. உயிர்ச்சேதமின்றிக் கப்பலைக் கரைசேர்த்தார்கள். அடுக்களையில் சமையற்காரர் காட்டும் கண்டிப்புக்கு இதற்குமேல் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உணவு வேளை தவறினால் கிடைப்பதரிது. மாலுமிகள் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை காவல் மாறுகிறவர்கள். அடுக்களையும் அந்தக் கணக்கையே பின்பற்றுகிறது. உணவின் சுவை மலையாள நாட்டுச் சுவை: சோறு, மீன் குழம்பு, தேங்காய் சேர்ந்த காய்கறி. சைவ உணவினர் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம். பில்டர் காப்பியை எதிர்பார்த்து ஏறுகிறவர்கள் மட்டும் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியவர்களே.

கடல் மயக்கத்தைப் பற்றியும் இங்கே கூற வேண்டும். உடல் அசைவதைக் காதினுள் இருக்கும் உறுப்பு உணர்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ, சுவரும் கட்டிலும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாடே தலைச்சுற்றலுக்கும் வாந்திக்கும் மூலம். பட்டினி கிடந்தால் குமட்டாது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் வெறும் வயிறு துன்பத்தை மிகுதியாக்கும். எண்ணெய்ப் பண்டத்தை விலக்கி, இட்லி, ரொட்டி போன்றவற்றைச் சிறிது சிறிதாக உண்ண வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் ஆட்டம் குறைவு. மேல்தளத்தில் நின்று தொடுவானத்தை நோக்குவதும் நல்லது. மாத்திரை கொள்வதாயின், மருத்துவரைக் கேட்டு, மயக்கம் வருவதற்கு முன்பே கொள்ள வேண்டும்.

தண்ணீரைப் பற்றி நாம் எவ்வளவு சொன்னாலும் தகும். துறையில் தொட்டி நிரப்பிக்கொண்ட நன்னீரே கப்பலின் கையிருப்பு. குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுச் செல்ல வேண்டும். போய்ச் சேரும் தீவிலும் இதே நிலைதான். பவளத் தீவின் மண்ணுக்கடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மெல்லிய படலம்போல் மிதந்து நிற்கிறது. அதை அளவுமீறி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். இத்துன்பத்தைத் தீர்க்க முற்பட்டது, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிலையம். 2005இல் கவரத்தியில் அது நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையம் ஒன்றை அமைத்தது. அது தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. காற்றை அகற்றிய கலத்துள் கடலின் மேல்மட்ட வெந்நீரைச் செலுத்தினால், குறைந்த அழுத்தத்தில் அது தானே ஆவியாகிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய்வழி ஏற்றிய குளிர்ந்த நீரைக் கொண்டு அந்த ஆவியை மீண்டும் நீராக்குகிறார்கள். வெப்பமும் குளிர்ச்சியும் கடலே தருவன. பின்னர் மினிக்காய்க்கும் அகத்திக்கும் இம்முறை சென்றது.

தீவை அடைந்தாலும் கப்பல் நேரே கரையை அணைவது அரிது. பவளப்பாறைத் தொடருக்கு வெளியே அது நிற்க, படகு வந்து ஆட்களை ஏற்றிச் செல்லும். அலையில் படகு மேலெழும் கணத்தில் காலை எடுத்து வைக்க வேண்டும். படகோட்டி 'இப்போது' என்று சொல்லும்போது தயங்குவதும், சொல்வதற்கு முன் துள்ளுவதும் ஆகாது. நோயாளியும் கைக்குழந்தைக்காரியும் இவ்வாறே இறங்கி ஏறுகிறார்கள்.

கரையில் பரிமாறப்படும் பகலுணவில் சூரை மீனுக்கு முதலிடம். உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் தூவி, நீரைத் தெளித்து, கூட்டமாக வரும் சூரையைத் தூண்டிலால் பிடிப்பது மினிக்காய் மக்களின் கலை. அதை வேகவைத்துப் புகையிட்டு வெயிலில் உலர்த்தினால் மரக்கட்டைபோல் இறுகிவிடும். அங்கே மாஸ் என்று வழங்கும் அதுவே, தென்பாண்டிக் கடற்கரையார் அறிந்த மாசிக் கருவாடு. பனிக்கட்டிப் பெட்டி இல்லாத காலத்திலே மரக்கலங்களில் நெடுநாள் கெடாமல் சென்ற பண்டம் அது. சீவிப் போட்டால் ஒரு கைப்பிடி போதும், ஒரு குடும்பத்தின் குழம்புக்கு.

நெல்லோ அங்கே விளைவதில்லை. முன்னாளில் தீவினர் ஓடம் என்னும் பாய்மரக் கலத்தில் கொப்பரையும் கயிறும் ஏற்றி மங்களூருக்கும் கோழிக்கோட்டுக்கும் சென்று அரிசி கொண்டுவந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் கயிற்றை அரசே வாங்கி, விலையாக அரிசி அளந்தது. இன்றும் விருந்தினனுக்கு இடும் சோறு கரையிலிருந்து கப்பலேறி வந்ததுதான்.

சுற்றுலாப் பிரயாணி உறங்கும் படுக்கை, கொச்சி மருத்துவமனைக்குப் போக வேண்டிய தீவினர் ஒருவருக்கும், கல்லூரி திறப்புக்கு விரையும் மாணவன் ஒருவனுக்கும் வேண்டிய படுக்கையேயாகும். சீட்டுக் கிடைக்கவில்லை என்பது தீவு மக்களின் நெடுநாள் குறை. கல்லூரி திறக்கும் காலத்தையும் பெருநாள் காலத்தையும் விலக்கி நாம் பிரயாண நாளைக் குறித்துக்கொள்ளலாம். நமக்கு அது ஒரு வாரத் தாமதம். அவர்களுக்கோ வேறு வழியில்லை.

மே மாத நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கத் தொடங்கும். செப்டம்பர் வரை உல்லாசப் பிரயாணத்துக்கு இடமில்லை. சிறு கலங்கள் ஓய்ந்துவிடும். அதற்கு முன்பே தீவின் கிடங்குகளில் மழைக்காலத்துக்கு வேண்டிய அரிசி வந்து இறங்கிவிட வேண்டும். அந்த வாரங்களில் கொச்சித் துறைக்குச் செல்வோர் மூட்டைகள் ஏறுவதைக் காணலாம்.