கடலுக்குக் கிடை போடுவது யார்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து விவசாயிகளுக்கு ஆட்டுக்கிடையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பகலெல்லாம் எங்கோ மேய்ந்த ஆடுகளை இரவில் அறுவடை முடிந்த வயலில் அடைக்கிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த நிலம் அடுத்த வெள்ளாமைக்குத் தயாராகிவிடுகிறது. மேய்வது ஓரிடம், உரம் விழுவது வேறிடம். அதற்காகத்தான் ஆடு மேய்க்கும் கீதாரிக்குக் கூலி கொடுக்கிறோம். கடலிலும் இந்த வேலை நடக்கிறது. அங்கே கூலி கேட்கக் கீதாரி இல்லை என்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

கடலுக்கு எதற்கு உரம்? ஆறுகள்தான் வண்டலைக் கொண்டுபோய்க் கொட்டுகின்றனவே என்று கேட்கலாம். நம் மேற்கு மலையில் விழும் மழையும் வைப்பாற்றுப் படுகை வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகவேண்டியதுதான். ஆனால் வழியிலுள்ள கண்மாய்களைத் தாண்டி அந்தத் தண்ணீர் கடலைத் தொடுவது நல்ல மழைக்காலத்தில் மட்டும். வற்றாத ஆறு பாயும் கடலிலும் ஒரு சிக்கல் உண்டு. வெயில் நன்றாக இறங்குவது மேலே ஏறத்தாழ 200 மீட்டர் வரைதான். நுண்பாசி வளர்வது அங்கே; அதைத் தின்றுதான் மற்ற உயிர்கள் எல்லாம் பிழைக்கின்றன. செத்தது, கழிந்தது எல்லாம் கனத்தால் கீழே இறங்கிவிடுகிறது. நைட்ரஜனும் இரும்பும் இருட்டில் கிடக்க, வெயில் படும் மேல்தண்ணீர் பஞ்சத்தில் தவிக்கிறது.

அடியில் கிடப்பதை மேலே தூக்கி வருபவற்றில் பெரியது திமிங்கிலம். ஆழத்தில் இரை தின்றுவிட்டு மூச்சுவிட மேலே வரும்போதுதான் அது கழிக்கிறது. சாணி போலக் கெட்டியாக இல்லாமல் குழம்பாகக் கரைந்து பரவுவதால் அது உடனே அமிழ்ந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் திமிங்கிலங்களும் கடல்நாய்களும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 23,000 டன் நைட்ரஜனை மேல்தண்ணீருக்குத் தருகின்றன என்று ஆய்வாளர்கள் ஜோ ரோமனும் ஜேம்ஸ் மெக்கார்த்தியும் 2010-இல் கணக்குச் சொன்னார்கள். அங்கே பாயும் எல்லா ஆறுகளும் கொண்டுவருவதைவிட இது அதிகம்! தென்துருவக் கடலில் திமிங்கிலக் கழிவிலுள்ள இரும்பு, சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைப் போல ஒரு கோடி மடங்கு. அந்தத் திமிங்கிலங்களைத்தான் இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய்க்காக இருபது லட்சத்துக்கும் மேல் கொன்று தீர்த்தோம்.

செத்த திமிங்கிலத்துக்கும் வேலை இருக்கிறது. நடுக்கடலில் அடியில் போய்ச் சேர்ந்த ஓர் உடல் பல்லாண்டுகளுக்கு அங்குள்ள உயிர்களுக்குச் சோறு போடும். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டக் கரையில் மணப்பாடு, கல்லாமொழிப் பக்கம் சுமார் 80 பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. செத்தவற்றைக் கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். நாற்றத்துக்கும் நோய்க்கும் பயந்து செய்தது, வேறு வழியும் இல்லை. ஆனால் கடலின் கணக்கில் அது நட்டம்தான்.

நம் கரையோரத்துக்கு வந்தால் திமிங்கிலத்தைவிட முக்கியமானவர் கடல் அட்டை. பார்க்க லட்சணம் எதுவும் கிடையாது. தரையில் கிடந்து மணலைத் தின்பதே அதன் பிழைப்பு. மணலில் ஒட்டிய அழுகலைச் செரித்துவிட்டு, சுத்த மணலைப் பின்னால் தள்ளுகிறது. கூடவே வெளியேறும் அம்மோனியாவைக் கடற்புல்லும் பாசியும் எடுத்துக்கொள்கின்றன. புரட்டிப் போட்ட மணலில் உயிர்க்காற்றும் இறங்குகிறது. ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுப் பவளத்திட்டு ஒன்றில் மட்டும் கடல் அட்டைகள் ஆண்டுக்கு 64,000 டன் மணலைத் தின்று கழிப்பதாக 2021-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இதே பிராணியைச் சீனச் சமையலுக்காக நூற்றாண்டுகளாக நம் கடலில் அள்ளினார்கள். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துப் பிடிக்கத் தடை போட்டார்கள். இன்றும் ராமநாதபுரம் கரையில் ‘கடல் அட்டை பறிமுதல்’ என்ற செய்தி ஓய்ந்தபாடில்லை.

கடற்புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவும் இதே கூட்டம்தான். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல்லை வேரோடு பிடுங்கித் தின்று, தரையை உழுதுகொண்டே எருவும் போடுகிறது. ஆவுளியாவைக் காக்கத் தமிழக அரசு 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தது. சாளை, நெத்திலி போன்ற பொடிமீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை விடுவது, இரவில் மேலேறிப் பகலில் கீழிறங்கும் கூனிகள் சரக்கு ஏற்றி இறக்குவது எல்லாம் தனிக் கதை.

உரம் என்றால் எவ்வளவு விழுந்தாலும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் அளவுக்கு மீறிப் பெருகிக் கடலே பச்சையானது. தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின. விலங்குகள் போடும் உரம் கடலுக்குள்ளேயே சுற்றுவது. ஊர்ச் சாக்கடையும் யூரியாவும் வெளியிலிருந்து வந்து விழுபவை. இரண்டையும் ஒன்றாக நினைப்பது தப்பு.

மறுபடி கடல் அட்டைக்கு வருவோம். அதைப் பிடிக்கப் போட்ட தடையை நீக்கச் சொல்லி மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். தடையால் பிழைப்பை இழந்தவர்கள் அவர்கள். அந்தக் கோரிக்கையை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கடலிலிருந்து மறுபடி அள்ள விடுவதும் சரியல்ல. நடுவில் ஒரு வழி இருக்கிறது. கடல் அட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையைத் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் 1988-லேயே செய்து காட்டிவிட்டது. அந்தக் குஞ்சுகளைக் கடலில் விடும் வேலையையும் காவல் காக்கும் வேலையையும் கூலி கொடுத்து மீனவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். விற்பனையைப் பற்றிப் பேசுவது, கடலில் அட்டை பெருகிய பிறகு இருக்கட்டும்.