ஊவா மண்ணின் கதை – 9: வெவெஸ்ஸவும் வெல்லவாயவும்

பதுளை நகரை ஒட்டிய வெவெஸ்ஸ தோட்டத்தில் 1940 மே மாதம் நடந்ததை இன்று தொழிற்சங்க மேடை ஏறுகிறவர்களே அதிகம் பேசுவதில்லை. கங்காணி சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம் அது. அப்போதுதான் அந்தத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தங்களுக்குள் ஒரு கமிட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கமிட்டியோடு கலந்தாலோசித்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரையை ஒப்புக்கொள்ளவும் வைத்தார்கள். அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களைப் பறித்துவிட்டார்கள். நாள் சம்பளத்துக்குக் கொழுந்து கிள்ளியவர்கள் செய்த காரியம் இது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மலைப்பு தீரவில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. பெருவெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் வெளியுலகிலிருந்து துண்டித்திருந்தது. உதவிக்கு ஆள் வர முடியாத அந்த நாட்களில் பொலிஸ் அடக்குமுறை கட்டவிழ்ந்தது, போராட்டம் முறிந்தது. அதே ஆண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்கு இரையாகியிருந்தார். ஜூன் மாதம், இந்தத் தோட்டப் போராட்டங்களுக்குத் தோள்கொடுத்த லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் பிலிப் குணவர்தன, என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் பிடித்து அடைக்கப்பட்டார்கள். குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை. சர்வாதிகாரத்துக்கு எதிராக, சுதந்திரத்துக்காகப் போர் புரிவதாக லண்டன் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த வேளை அது.

அந்த நால்வரும் மாஸ்கோவின் ஆட்களும் அல்லர். 1936 முதல் 1938 வரை ஸ்டாலின் நடத்திய வழக்குகளில் ஜினோவியேவ், காமெனேவ், புகாரின் என்று புரட்சியின் முன்வரிசையே சுட்டுக்கொல்லப்பட்டது. அந்த ஸ்டாலினின் கம்யூனிஸ்ட் அகிலத்தில் தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று 1939 டிசம்பரில் கட்சிப் பெரும்பான்மை தீர்மானம் போட்டது. எதிர்த்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அவர்களில் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் பீட்டர் கெனமனும் பின்னர் 1943இல் கம்யூனிஸ்ட் கட்சி அமைத்தார்கள். நால்வரும் சிறையில் இருந்தபோதுதான், 1940 ஆகஸ்டில், ஸ்டாலினை எதிர்த்து அவர்கள் பின்பற்றிய ட்ரொட்ஸ்கி மெக்சிகோவில் கொல்லப்பட்டார்.

எது கொடிது, மேற்கின் அடக்குமுறையா கம்யூனிஸ்ட் அடக்குமுறையா என்ற பட்டிமன்றம் நம் பக்கத்திலும் ஓயாமல் நடக்கிறது. அளவில் இரண்டும் ஒன்றல்ல. அதை மழுப்பக் கூடாது. 1942 ஏப்ரலில் நால்வரும் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பிப் போனார்கள். மாஸ்கோவில் அகப்பட்டிருந்தால் தப்பிப்பதற்கு உயிர் மிஞ்சியிருக்காது. ஆனால் அளவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் 1971 ஏப்ரலுக்கு என்ன சொல்வார்கள்?

அந்த 5ஆம் திகதி விடியுமுன் ஊவாவின் வெல்லவாய பொலிஸ் நிலையத்தைத் தாக்கியதில்தான் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சி தொடங்கியது. அப்போது ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் என்.எம். பெரேரா நிதியமைச்சர், கொல்வின் பெருந்தோட்டத்துறை அமைச்சர், கம்யூனிஸ்ட் கெனமன் வீடமைப்பு அமைச்சர். 1940இல் விசாரணையின்றி அடைபட்டவர்கள் இருந்த அரசு, மரண விசாரணை இல்லாமலே பிணங்களை அப்புறப்படுத்த அவசரகால விதி செய்தது. சமரக்கொடி 1964இலேயே ஸ்ரீமாவோ அரசுடன் கூட்டுச் சேர்வதை எதிர்த்துப் பிரிந்து போயிருந்தார்.

இந்த அரசுக்குக் கைகொடுத்தவர்களைப் பாருங்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் உதவின. சோவியத் யூனியன் மிக் விமானங்களை அனுப்பியது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஹெலிகொப்டர்கள் தந்தன. சீனப் பிரதமர் சூ என்லாய் கிளர்ச்சியைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். வட்டியில்லாக் கடனும் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் போர்க்களத்தில் நின்ற இந்தியாவும் பாகிஸ்தானும், ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்த மாஸ்கோவும் பீக்கிங்கும் வாஷிங்டனும், ஊவாவின் கிராமத்துப் பையன்களை ஒடுக்குவதில் ஒரே பக்கம் நின்றன.

கதிர்காமமும் ஊவாவில்தான் இருக்கிறது. அங்கே பிரேமவதி மனம்பேரி, புத்தாண்டு விழாவில் அழகியாகத் தேர்வான பெண், இராணுவத்தினரால் நிர்வாணமாகத் தெருவில் நடத்திச் செல்லப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வழக்கில் படையினர் தண்டிக்கப்பட்டார்கள். நீதிமன்றம் வரை போகாத மற்ற மரணங்களுக்குக் கணக்கே இல்லை; அரசு சொன்னது ஆயிரத்துச் சொச்சம், வேறு கணக்குகள் அதைப் போலப் பல மடங்கு.

இந்தக் கிளர்ச்சியிலிருந்து நம் தோட்ட லயங்கள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றன. காரணம் இருந்தது. ஜே.வி.பி. தன் வகுப்புகளில் மலையகத் தொழிலாளரை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவி என்றே கற்பித்தது. ஆனால் ஒதுங்கி நின்றதால் சட்டம் நம்மை விட்டுவிடவில்லை. 1971இல் கையில் எடுத்த பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1947 ஜூனில், பொது வேலைநிறுத்தத்தின்போது, வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. அன்று தொழிலாளருக்கு எதிராகப் பிறந்த சட்டத்தை ஆண்ட எந்தக் கட்சியும் கிழித்தெறியவில்லை. 1979இல் அதற்குத் துணையாகப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. இந்தச் சட்டங்களின் நிழல் ஊவாவிலும் விழுந்தது. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 அக்டோபர் 25 அன்று கும்பலால் கொல்லப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் அரசின் காவலில் இருந்தவர்கள். பொலிஸ் அங்கே நின்றிருந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் கடைசியில் விடுதலையானார்கள்.

2024 செப்டெம்பரில் ஜே.வி.பி. தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று அவர்கள் தேர்தலில் வாக்குறுதி தந்தார்கள். வெல்லவாயவில் அடிவாங்கிய கட்சிக்கு அந்த வாக்கின் கனம் தெரியும். வெவெஸ்ஸவின் பேரப்பிள்ளைகள் அவர்களிடம் கேட்க வேண்டியது அந்த ஒரு சட்டத்தை மட்டுமல்ல, 1947இன் கட்டளைச் சட்டத்தையும் சேர்த்துத்தான்.

(தொடரும்)